அம்மாவின் போன் திரையை இங்கிருந்தே பார்க்க: வாட்ஸ்அப்பா, மீட்டா, எனிடெஸ்க்கா?

வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து வரும் அழைப்புகளில் போன் பஞ்சாயத்துக்கு இப்போது தனி இடம் உண்டு. கேஸ் புக் பண்ண முடியவில்லை, எழுத்து திடீரென்று சின்னதாகிவிட்டது, ஸ்டோரேஜ் ஃபுல் என்று வருகிறது, சித்தி அனுப்பிய போட்டோ திறக்கவில்லை. முதலில் வாயாலேயே வழி சொல்லிப் பார்ப்போம். "மேல மூணு புள்ளி இருக்கும் பாரும்மா." "புள்ளியெல்லாம் ஒண்ணும் இல்லையே, மூணு கோடுதான் இருக்கு." அங்கேயே கால் மணி நேரம் போய்விடும். அம்மா சொல்வது சரிதான், அந்த ஆப்பில் கோடுதான் இருக்கிறது. நமக்குத்தான் அவர் திரை தெரியவில்லை.

வீடியோ காலில் அவர் திரையை நமக்குக் காட்ட வைப்பதற்கு இன்று வழிகளுக்குப் பஞ்சமில்லை. வாட்ஸ்அப், கூகுள் மீட், ஜூம், டீம்ஸ், ஃபேஸ்டைம், டெலிகிராம் எல்லாவற்றிலும் ஸ்கிரீன் ஷேர் இருக்கிறது. ஒரு படி மேலே போனால் எனிடெஸ்க், டீம்வியூவர் என்று தூரத்திலிருந்தே இயக்கும் ஆப்களும் உண்டு. எதை எடுத்தாலும் திரை தெரியத்தான் போகிறது. ஆனால் திரையைப் பகிரப் போகிறவர் அறுபது எழுபது வயதில் இருக்கிறார், பொத்தான்களை அழுத்தப் போகிறவரும் அவரே. அதனால் நான் ஒவ்வொரு வழியிடமும் கேட்பது இரண்டு கேள்விகள். அவர் எத்தனை பொத்தான் அழுத்த வேண்டும்? நான் சொல்லிக்கொடுக்கும் அதே வழியில் நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவன் கூப்பிட்டால் என்ன ஆகும்? ஆப் ஒப்பீடுகளில் இரண்டாவது கேள்வி அவ்வளவாகத் தலைகாட்டுவதில்லை. எனக்கு அதுதான் பெரிய கேள்வி.

என் முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இரண்டு பக்கமும் ஆண்ட்ராய்டு, அல்லது ஒரு பக்கம் ஆண்ட்ராய்டு இன்னொரு பக்கம் ஐபோன் என்றால் வாட்ஸ்அப். பிள்ளை அமீரகத்தில் இருந்தால் கூகுள் மீட். வீடு முழுக்க ஐபோன் என்றால் ஃபேஸ்டைம். பிரச்சினை கம்ப்யூட்டரில் என்றால் விண்டோஸிலேயே இருக்கும் குவிக் அசிஸ்ட். வங்கி ஆப் இருக்கும் பெற்றோர் போனில் எனிடெஸ்க் வகை ஆப்கள் வேண்டவே வேண்டாம். காரணங்கள் கீழே.

பகிர ஆரம்பித்ததும் நடப்பது

எந்த ஆப்பாக இருந்தாலும் பெரியவர்கள் தடுமாறும் இடங்கள் ஒன்றேதான். பொத்தானை அழுத்தியதும் ஆண்ட்ராய்டு ஒரு எச்சரிக்கைப் பெட்டி காட்டும். உங்கள் திரையில் தெரியும் எல்லாமே, பாஸ்வேர்ட், பணம் கட்டும் விவரம், போட்டோ, மெசேஜ் உட்பட, இந்த ஆப்புக்குத் தெரியும் என்று அதில் இருக்கும். அதைப் படித்ததும் அப்பா நின்றுவிடுவார். நிற்கத்தான் வேண்டும், அது நல்ல பழக்கம். "அந்தப் பெட்டி வரும்ப்பா, கூப்பிட்டது நான்தான்னா மட்டும் ஓகே கொடுங்க" என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் போதும்.

அடுத்தது, திரையைப் பகிர்ந்தபடி ஹோம் பொத்தானை அழுத்தியதும் நம் முகம் சின்னக் கட்டமாக ஓரத்தில் ஒதுங்கிவிடும், அல்லது மறைந்தே போகும். "கால் கட் ஆயிடுச்சு" என்று அவர்களே துண்டித்துவிட்டுத் திரும்ப அழைப்பார்கள். முகம் போனாலும் குரல் கேட்டுக்கொண்டே இருக்கும் என்பதைச் சொல்லி, ஸ்பீக்கரையும் போடச் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது. போனைக் காதில் வைத்துக்கொண்டே திரையைப் பார்க்க முயல்கிறவர்கள் எல்லா வீட்டிலும் உண்டு.

இன்னொன்று, நம் திரையை அவர்களுக்குக் காட்டி "நான் பண்றதைப் பாத்துப் பண்ணு" என்று சொல்வது. எளிதாகத் தோன்றும், ஆனால் உருப்படாத வழி. நம் கையில் பிக்ஸலோ ஐபோனோ, அவர்கள் கையில் ரெட்மியோ விவோவோ. செட்டிங்ஸ் வரிசை வேறு, ஐகான் வேறு. அவர்கள் போன் தமிழில் வைக்கப்பட்டிருந்தால் பெயர்களும் வேறு. எழுத்தைப் பெரிதாக்கி வைத்திருந்தால் பாதி மெனு கீழே ஓடிப்போயிருக்கும். காட்ட வேண்டியது அவர்கள் திரைதான்.

வாட்ஸ்அப்

2023 ஆகஸ்டில் வாட்ஸ்அப் வீடியோ காலுக்குள் ஸ்கிரீன் ஷேர் வந்தது. வசதிகளை மட்டும் வைத்துப் பார்த்தால் இந்தப் பட்டியலில் அது எளிய ஆப். திரையில் கோடு போட்டுக் காட்ட முடியாது, இங்கிருந்து இயக்க முடியாது. ஆனாலும் நான் அதற்கு முதலிடம் கொடுப்பதற்குக் காரணம், அம்மாவின் போனில் அது ஏற்கெனவே இருக்கிறது. புது ஆப் இறக்க வேண்டாம், கணக்கு திறக்க வேண்டாம், லிங்க் அனுப்ப வேண்டாம். தினமும் பேரனைப் பார்க்கிற அதே வீடியோ கால். அதில் கூடுதலாக இரண்டு மூன்று தட்டல், அவ்வளவுதான்.

வழக்கமாக வீடியோ கால் ஓடும்போது திரையைத் தொட்டால் கீழே பொத்தான்கள் வரும். போன் படத்துக்குள் அம்புக்குறி போட்ட ஐகான் நேரடியாக அங்கே இருக்கும், அல்லது மூன்று புள்ளிக்குள் இருக்கும். பதிப்புக்குப் பதிப்பு அது இடம் மாறுகிறது என்பதுதான் ஒரே எரிச்சல். அதனால் வழி சொல்லும்முன் நம் வாட்ஸ்அப்பில் எங்கே இருக்கிறது என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், அவர்கள் வாட்ஸ்அப்பை அப்டேட் செய்ய வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி தெரிய வாய்ப்பு அதிகம்.

அழைப்பு முழுவதையும் முனைக்கு முனை மறையாக்கம், அதாவது பேசுகிறவர்களைத் தவிர வேறு யாரும் பார்க்க முடியாத பூட்டு, காக்கிறது, திரைப் பகிர்வும் அதற்குள்தான் வரும். வாட்ஸ்அப் நிறுவனம் பார்க்குமோ என்ற கவலை வேண்டாம். மறுமுனையில் இருப்பவர் பார்ப்பதையும், தன் போனில் பதிவு செய்வதையும் எந்த மறையாக்கமும் தடுக்காது என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். குடும்பக் குரூப் காலில் திரையைப் பகிர்ந்தால் காலில் இருக்கும் அத்தனை பேருக்கும் தெரியும். அண்ணனும் தங்கையும் மருமகனும் ஒரே நேரத்தில் "மேல", "கீழ", "அது இல்ல" என்று வழி சொல்லும் கூத்து வேறு. உதவிக்கு ஒருவர் போதும், தனி காலில்.

என் இரண்டாம் கேள்வி இங்கே வரும். தெரியாதவன் வாட்ஸ்அப்பில் அழைத்து ஸ்கிரீன் ஷேர் பண்ணச் சொன்னால்? அது நடந்துகொண்டுதான் இருக்கிறது. போலி வங்கி அதிகாரி, போலி கூரியர், போலீஸ் உடையில் வந்து 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்று மிரட்டுகிறவன் எல்லாருக்கும் பிடித்த கருவி வீடியோ காலும் திரைப் பகிர்வும்தான். 2025 அக்டோபரில் வாட்ஸ்அப்பின் தாய் நிறுவனமான மெட்டா ஒரு மாற்றத்தை அறிவித்தது. தொடர்புப் பட்டியலில் இல்லாத ஒருவரோடு வீடியோ காலில் திரையைப் பகிரப் போனால் வாட்ஸ்அப் எச்சரிக்கும். நல்ல மாற்றம், தாமதமாக வந்த மாற்றம். ஆனால் அது எச்சரிக்கை மட்டுமே, தடுப்பு இல்லை. பார்க்க மட்டும் முடிந்தவன் தானாக எதையும் அழுத்த முடியாது என்பது ஒரு ஆறுதல். அவன் ஓடிபியைப் பார்க்கலாம், ஆனால் பெரியவரே அழுத்தினால்தான் பணம் போகும். இயக்கும் ஆப்களில் அந்தக் கடைசி வேலியும் இல்லை.

கூகுள் மீட்

ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் மீட் முன்பே இருக்கிறது. பழைய டுவோ ஆப்பை 2022இல் கூகுள் மீட்டோடு சேர்த்துவிட்டது. திரைப் பகிர்வு தெளிவாக இருக்கும், மூன்று புள்ளி, 'ஷேர் ஸ்கிரீன்', அவ்வளவுதான். இருவர் மட்டும் பேசினால் இலவசக் கணக்கிலும் நேரத் தொல்லை இல்லை. மூன்று பேர் அல்லது அதற்கு மேல் என்றால் 60 நிமிடத்தில் முடியும்.

எனக்கு இது இரண்டாம் இடம். காரணம் லிங்க். மீட் லிங்கை வாட்ஸ்அப்பில் அனுப்பி, அவர்கள் அதைத் தொட்டு, ஆப் திறந்து, சேர அனுமதி கேட்டு, நாம் அனுமதிக்க வேண்டும். பழகிவிட்டால் ஒன்றுமில்லை. பழகும்வரை ஒவ்வொரு படியிலும் ஒரு "என்னமோ கேக்குதுடா" வரும். லிங்க் போன் பிரவுசரில் திறந்துவிட்டால் இன்னொரு சிக்கல். ஆண்ட்ராய்டு குரோமிலிருந்து திரையைப் பகிர முடியாது, பேசவும் பார்க்கவும்தான் முடியும். பகிர ஆப் வேண்டும். ஜிட்சி போன்ற திறமூலச் சேவைகளுக்கும் இதே கதைதான்.

ஆனால் துபாய், அபுதாபி, ஷார்ஜாவில் இருப்பவர்களுக்குக் கணக்கு தலைகீழ். அமீரகத்தில் வாட்ஸ்அப்பிலும் ஃபேஸ்டைமிலும் செய்தி அனுப்பலாமே தவிர, குரல் அழைப்பும் வீடியோ அழைப்பும் நெடுங்காலமாக முடக்கத்தில் இருக்கின்றன. அங்கே அனுமதி பெற்ற ஆப்களின் பட்டியலில் மீட், ஜூம், டீம்ஸ், போட்டிம் எல்லாம் இடம்பெற்றன. விபிஎன் போட்டு வாட்ஸ்அப் பேசுகிறவர்கள் உண்டு. சட்டச் சிக்கலைத் தேடிப்போய் வாங்கும் வேலை அது. ஊரில் இருப்பவரின் போனில் ஒருமுறை மீட்டை எடுத்து, ஜிமெயில் கணக்கில் உள்நுழைந்து, முகப்புத் திரையில் ஐகானைக் கொண்டுவந்து வைத்துவிடுவது அதைவிட நிம்மதி. விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது செய்து முடிக்க வேண்டிய வேலைகளில் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஜூமும் டீம்ஸும்

ஜூமின் இலவசக் கணக்கில் 40 நிமிட வரம்பு இருக்கிறது. 2022 மே மாதத்திலிருந்து இருவர் மட்டும் பேசினாலும் அதே வரம்புதான். அப்பாவின் போன் பிரச்சினை 40 நிமிடத்தில் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர்கள் அதிர்ஷ்டசாலிகள். கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் என்றால் ஜூம் அருமை. பகிர்ந்த திரையில் பார்ப்பவரே கோடு போட்டுக் காட்டலாம், அனுமதி வாங்கி மௌஸையும் இயக்கலாம். ஆன்லைன் டியூஷன் எடுக்கிறவர்கள் அதை விடாமல் வைத்திருப்பதில் நியாயம் இருக்கிறது. போன் உதவிக்கு அது அதிகப்படி.

டீம்ஸ் அலுவலகத்துக்குச் சரி, அம்மாவுக்கு வேண்டாம். ஸ்கைப்பையே பழகி வைத்திருந்த குடும்பங்கள் நிறைய. 2025 மே 5ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் அதை மூடிவிட்டது. இன்னும் அந்த ஐகான் போனில் கிடந்தால் எடுத்துவிடலாம்.

ஐபோன் வீடுகள்

ஃபேஸ்டைமில் ஸ்கிரீன் ஷேர் 2021 அக்டோபரில் ஐஓஎஸ் 15.1 உடன் வந்தது. அப்போது அது மற்றவற்றைப் போலத்தான் இருந்தது. 2024இல் ஐஓஎஸ் 18 வந்தபோது ஆப்பிள் இரண்டு விஷயங்களைச் சேர்த்தது. பார்ப்பவர் திரையில் விரலால் வட்டம் போட்டுக் காட்டலாம், அது மறுமுனையில் தெரியும். அனுமதி கேட்டு மறுமுனையின் போனை இங்கிருந்தே இயக்கவும் செய்யலாம். "அந்தப் பச்சைப் பொத்தானுக்குக் கீழ, இல்ல அதுக்கும் கீழ" என்று தொண்டை வற்றப் பேசியவர்களுக்கு அந்த வட்டம் ஒன்றே போதும்.

இயக்கும் வசதியை ஆப்பிள் அமைத்த விதமும் எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்பவர் தொடர்புப் பட்டியலில் இருந்தாக வேண்டும். இயக்குகிறவர் பணம் செலுத்தவோ, ஆப்பிள் கணக்கையோ ஃபேஸ் ஐடியையோ மாற்றவோ, போனை அழிக்கவோ முடியாது. திரையைப் பகிரும்போது வரும் நோட்டிஃபிகேஷன்களும் மறுமுனைக்குத் தெரியாதபடிதான் இயல்பாக அமைத்திருக்கிறார்கள். என் இரண்டு கேள்விகளுக்கும் சேர்த்து நல்ல பதில் சொல்வது இது ஒன்றுதான்.

குறை என்னவென்றால் இரண்டு பக்கமும் ஐஓஎஸ் 18 அல்லது அதற்குப் பிந்தையது வேண்டும். பிள்ளை கையில் புது ஐபோன், அம்மா கையில் பத்தாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு என்பதுதான் பல வீடுகளின் நிலைமை, அங்கே இது உதவாது. பாரிஸிலோ ஜெர்மனியிலோ இருப்பவர்களுக்கு இன்னொரு விஷயம். இந்த வசதியை ஐரோப்பிய ஒன்றியத்தில் இப்போதைக்குத் தரப்போவதில்லை என்று 2024இல் ஆப்பிள் அறிவித்தது. அங்கிருந்து ஊருக்கு உதவ நினைப்பவர்கள் தங்கள் போனில் அது வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திட்டம் போடுவது நல்லது.

தூரத்திலிருந்து இயக்கும் ஆப்கள்

எனிடெஸ்க்கும் டீம்வியூவரும் ஜெர்மனியில் பிறந்த நேர்மையான மென்பொருள்கள். உலகம் முழுக்க ஐடி ஆட்கள் தினமும் பயன்படுத்துகிறார்கள். அதில் தப்பில்லை. பெற்றோர் போனில் அதைப் போட்டு வைப்பதுதான் தப்பு என்கிறேன்.

2019 பிப்ரவரியில் ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்கு எனிடெஸ்க் பெயரைக் குறிப்பிட்டே எச்சரிக்கை அனுப்பியது. மோசடி நடக்கும் முறையையும் விளக்கியிருந்தது. ஏதாவது சாக்குச் சொல்லி ஆப்பை இறக்க வைப்பார்கள், அதில் தோன்றும் 9 இலக்க எண்ணைக் கேட்டு வாங்குவார்கள், அனுமதிகளைக் கொடுக்கச் சொல்வார்கள். அதன்பிறகு போன் அவர்கள் கையில், யூபிஐ வழியாகப் பணம் போய்விடும். இப்போது யோசித்துப் பாருங்கள், நாம் நல்லெண்ணத்தோடு அப்பாவுக்குப் பழக்கிவிடுவதும் எழுத்துக்கு எழுத்து இதே படிகளைத்தான். ஆப்பைத் திற, எண்ணைச் சொல், 'அலவ்' கொடு. நாளைக்கு மின்வாரியத்திலிருந்து பேசுவதாக ஒருவன் அதையே கேட்டால் அப்பாவுக்கு அது பழகிய வேலையாகத் தோன்றும். ஆப் போனில் இல்லையென்றால் குறைந்தபட்சம் ப்ளே ஸ்டோருக்குப் போய்த் தேடும் நேரமாவது சந்தேகம் வர இடம் கொடுக்கும்.

ஆண்ட்ராய்டில் இவை போனை இயக்க வேண்டுமென்றால் பல மாடல்களில் அணுகல்தன்மை அனுமதி எனப்படும் ஆக்ஸஸிபிலிட்டி அனுமதி வேண்டும். பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்காக வைத்த அனுமதி அது. திரையைப் படிக்கவும் தட்டவும் முழு உரிமை கொடுக்கும். வீட்டுச் சாவிக்கொத்தையே கொடுப்பது போலத்தான். ஐபோனில் இந்தப் பேச்சே இல்லை, வெளி நிறுவன ஆப் எதுவும் அங்கே திரையைப் பார்க்கத்தான் முடியும், இயக்க முடியாது.

கம்ப்யூட்டர் விஷயம் வேறு. அப்பாவின் லேப்டாப்பில் பிரிண்டர் வரவில்லை, எக்ஸெல் திறக்கவில்லை என்றால் வாய்வழி வழிகாட்டுதலைவிட நாமே மௌஸைப் பிடித்துச் சரிசெய்வதுதான் வேகம். விண்டோஸுக்கென்றே மைக்ரோசாஃப்ட் தரும் குவிக் அசிஸ்ட் போதும். கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்று விசையையும் சேர்த்து அழுத்தினால் திறக்கும். உதவுகிறவருக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும். நம் பக்கம் வரும் குறியீட்டை அவர் உள்ளிட்டு அனுமதித்தால் வேலை ஆரம்பம். இதையும் மோசடிக்காரர்கள் விட்டுவைக்கவில்லை. 2024 மே மாதம் மைக்ரோசாஃப்ட்டே அதைப் பற்றி எச்சரித்தது. ஆனால் அப்பாவின் லேப்டாப்பில் பெரும்பாலும் யூபிஐ இல்லை, ஓடிபி வரும் சிம்மும் இல்லை. அதனால்தான் இங்கே நான் கொஞ்சம் தாராளமாக இருக்கிறேன். நெட்பேங்கிங் பண்ணும் லேப்டாப் என்றால் அந்தத் தாராளமும் கிடையாது.

முழுத் திரையா, ஒரு ஆப் மட்டுமா

புதிய ஆண்ட்ராய்டு போன்களில் பகிரும்போது இன்னொரு கேள்வியும் வரும். முழுத் திரையையும் காட்டவா, ஒரே ஒரு ஆப்பையா? ஒரு ஆப் மட்டும் என்றால் மேலே வந்து விழும் நோட்டிஃபிகேஷன்கள் மறுமுனைக்குப் போகாது. பாதுகாப்பு என்று பார்த்தால் அதுதான் மேல். ஆனால் உதவி என்று வந்தால் அது கையைக் கட்டிவிடும். அம்மா ஒரு ஆப்பிலிருந்து செட்டிங்ஸுக்கு, அங்கிருந்து ஃபைல்ஸுக்கு என்று போய்க்கொண்டே இருப்பார், நமக்கு எதுவும் தெரியாது. போன் பழுது பார்க்க முழுத் திரை, போட்டோவோ பாடக் குறிப்போ காட்ட ஒரு ஆப் என்று வைத்துக்கொள்ளலாம்.

முழுத் திரை என்றால் 'டூ நாட் டிஸ்டர்ப்' போட்டுவிட்டு ஆரம்பிக்கச் சொல்லுங்கள். பேங்க் பேலன்ஸ் மெசேஜுக்காக மட்டும் சொல்லவில்லை. உங்களைப் பற்றியே பெரியம்மா அனுப்பிய செய்தி நடுவில் வந்து விழுந்தால் இரண்டு பக்கமும் சங்கடம். பெற்றோருக்கும் அந்தரங்கம் உண்டு, "இப்ப உன் போன்ல வர்றது எல்லாம் எனக்கும் தெரியும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுவது மரியாதை.

ஆண்ட்ராய்டு 15 இதில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. திரையைப் பகிரும்போது ஓடிபி உள்ள நோட்டிஃபிகேஷன்களின் உள்ளடக்கத்தையும் பாஸ்வேர்ட் உள்ளிடும் திரைகளையும் அதுவே மறைத்துவிடும். வங்கி ஆப்கள் பலவும் தங்கள் பக்கத்தைப் பகிரவே விடாது. அம்மாவுக்கு அங்கே எல்லாம் சரியாகத் தெரியும், நமக்குக் கறுப்புத் திரைதான். "ஒண்ணுமே தெரியலம்மா" என்று ஆப்பை மாற்றி மாற்றி முயல வேண்டாம். அது பழுது இல்லை, வேண்டுமென்றே வைத்த பூட்டு. 2025 நவம்பரில் கூகுள் இந்தியாவில் கூகுள் பே, பேடிஎம், நவி ஆகியவற்றோடு சேர்ந்து ஒரு சோதனையை அறிவித்தது. தெரியாத எண்ணோடு பேசியபடி திரையைப் பகிர்ந்துகொண்டே இந்த ஆப்களைத் திறந்தால் போன் பெரிதாக எச்சரிக்கும்.

அப்படியானால் யூபிஐ பிரச்சினைக்கு என்ன செய்வது என்று கேட்பீர்கள். திரைப் பகிர்வே கூடாது, நாமே பேசினாலும் கூடாது. வாயால் வழி சொல்லுங்கள், இல்லையென்றால் பக்கத்து வங்கிக் கிளைக்குப் போகச் சொல்லுங்கள். "என் பையன்கூட பணம் ஆப்பைத் திறக்கும்போது ஸ்கிரீனைக் காட்டச் சொல்ல மாட்டான்" என்ற ஒரு விதி அவர் மனதில் பதிந்திருந்தால், வேறு எவன் கேட்டாலும் அது உறுத்தும்.

டேட்டா

ஊர்ப்பக்கம் சிக்னல் ஒரு கோடுதான் வருகிறது, இதெல்லாம் ஓடுமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. திரைப் பகிர்வு முகம் காட்டும் வீடியோவைவிடக் குறைவாகத்தான் தின்னும். ஜூம் தரும் கணக்கு இது: திரை மட்டும் என்றால் நொடிக்கு 50 முதல் 75 கிலோபிட், திரையோடு சின்னதாக முகமும் என்றால் 50 முதல் 150 வரை. இருவர் பேசும் நல்ல தரமான வீடியோ காலுக்கு 600. ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் பார்த்தால் 150 கிலோபிட் என்பது சுமார் 67 எம்பி, 600 என்பது 270 எம்பி. மற்ற ஆப்களில் எண்கள் மாறலாம், அடிப்படை ஒன்றுதான். அசையாத திரையில் மாற்றம் குறைவு, மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். வேகமாகத் தள்ளிக்கொண்டே போனால்தான் எல்லாம் மங்கலாகும். "தள்ளாம கொஞ்சம் நில்லும்மா" என்று இரண்டு நொடி காத்திருந்தால் எழுத்து தெளிவாகிவிடும். நம் பக்கம் கேமராவை அணைத்துவிட்டால் இன்னும் நல்லது.

பகிராமலே முடிகிற வேலைகள்

ஸ்கிரீன் ஷேர் கைவந்துவிட்டால் எல்லாவற்றுக்கும் அதையே எடுக்கத் தோன்றும். வைஃபை பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது, செட்டாப் பாக்ஸில் ஏதோ எண் வருகிறது, லேப்டாப் ஆன் ஆகவில்லை என்றால் சாதாரண வீடியோ காலில் பின்பக்கக் கேமராவைத் திருப்பிக் காட்டச் சொன்னால் போதும். கேமராவைத் திருப்பும் பொத்தானைப் பேரன் புண்ணியத்தில் அவர்கள் முன்பே பழகியிருப்பார்கள்.

ஒரே ஒரு பிழைச் செய்தி, ஒரே ஒரு பக்கம் என்றால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லி, நாம் அதில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பலாம். காலில் சொன்னது மறந்துபோகும், படம் சாட்டில் அப்படியே கிடக்கும். அடுத்த மாதம் அதே பிரச்சினை வந்தால் நம்மைக் கூப்பிடாமலே எடுத்துப் பார்த்துக்கொள்வார்கள். மெதுவாக, தன் வேகத்தில் செய்ய விரும்புகிற அப்பாக்களுக்கு நேரடி காலைவிட இதுதான் பிடிக்கும். காலில் நாம் அவசரப்படுத்துவது அவர்களுக்குத் தெரிந்துவிடுகிறது.

வாட்ஸ்அப் என்று முடிவு செய்தவர்களுக்கு ஒத்திகை பற்றி ஒன்று. பிரச்சினை எதுவும் இல்லாத நாளில் ஒருமுறை செய்து பாருங்கள், அதில் முதலில் பழக்க வேண்டியது நிறுத்தும் பொத்தான். 'ஸ்டாப் ஷேரிங்' எங்கே இருக்கிறது, அது கிடைக்காவிட்டால் காலையே துண்டித்தால் பகிர்வும் நின்றுவிடும் என்பதை அவரே இரண்டு மூன்று முறை செய்து பார்க்கட்டும். கூடவே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைத் தொடர்புப் பட்டியலில் சேர்த்துவிடுங்கள். பணம் போன உடனே அழைத்தால்தான் அந்த எண்ணால் பயன் அதிகம்.

அம்மாவுக்கு அடுத்த போன் வாங்கும்போது இந்த முடிவை ஒருமுறை திருப்பிப் பார்ப்பேன். பிள்ளைகள் ஐபோனில் இருந்தால் பழைய மாடலாக இருந்தாலும் ஐஓஎஸ் 18 ஓடும் ஐபோன் ஒன்றைக் கொடுத்து ஃபேஸ்டைமுக்கு மாறலாம், கூடுதல் விலைக்கு அது தகும். ஆண்ட்ராய்டு என்றால் பதிப்பு 15க்குக் கீழே வேண்டாம் என்று கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேமரா மெகாபிக்ஸலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருப்பார்.